ஊரடங்கில் எச்.ஐ.வி. மருந்து நிற்கவில்லை, நின்றது வேறு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "2020-இல் ஊரடங்கு வந்தபோது, எச்.ஐ.வி. சிகிச்சை தடைப்பட்டு ஆப்பிரிக்காவில் மட்டுமே 5 லட்சம் பேர் கூடுதலாக இறப்பார்கள் என்று எச்சரித்தார்கள். அப்படி ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லையே. சும்மா பயம் காட்டினார்களா? பெருந்தொற்று வந்தால் எச்.ஐ.வி. தடுப்பும் சிகிச்சையும் உண்மையில் எப்படித்தான் பாதிக்கப்படுகின்றன?"

நியாயமான சந்தேகம்தான். எச்.ஐ.வி. ஆலோசகராகப் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

அந்த எச்சரிக்கையை உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யு.என்.எய்ட்ஸும் சேர்ந்து 2020 மே 11 அன்று வெளியிட்டன. எச்.ஐ.வி.க்குத் தினமும் எடுக்கும் கூட்டு மருந்து ஆறு மாதம் தடைப்பட்டால், சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 2020, 2021 ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறக்கக்கூடும் என்பது கணக்கு. 2018-இல் அந்தப் பகுதியில் எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் இறந்தவர்கள் சுமார் 4,70,000 பேர். அதாவது இறப்பு இரண்டு மடங்காகி, நிலைமை 2008-க்குத் திரும்பிவிடும் என்றார்கள். இதில் 'தடைப்பட்டால்' என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. செய்தியாகப் பரவும்போது அந்த 'ஆல்' உதிர்ந்துவிட்டது.

பத்தாம் எண் கூண்டு ஏற்றுகிறார்கள். கரையோர மக்களை ராவோடு ராவாகப் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் கொண்டுபோய்த் தங்கவைக்கிறார்கள். புயல் கடந்த பிறகு உயிர்ச்சேதம் பெரிதாக இல்லை என்றால், "இதுக்கா இவ்வளவு அலப்பறை" என்று நான்கு பேர் சொல்வார்கள். இதுவும் அந்த மாதிரிதான். அலப்பறை செய்ததால்தான் சேதம் குறைந்தது.

2020-இல் உலக அளவில் எய்ட்ஸ் தொடர்பான இறப்பு சுமார் 6,80,000. முந்தைய ஆண்டைவிடக் கூடவில்லை. மருந்து எடுப்போர் எண்ணிக்கை குறையவும் இல்லை, அந்த ஆண்டு முடிவில் 2 கோடியே 75 லட்சத்தைத் தொட்டது. இதை மட்டும் பார்த்தால் உங்கள் சந்தேகம் சரி என்றே தோன்றும்.

ஆனால் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 65 ஆரம்ப சுகாதார நிலையங்களின் கணக்கை எடுத்து ஓர் ஆய்வு வந்தது. ஊரடங்கு தொடங்கியதும் 2020 ஏப்ரலில் அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை 47.6% சரிந்தது. புதிதாகச் சிகிச்சை தொடங்கியோர் எண்ணிக்கை 46.2% சரிந்தது. ஏற்கெனவே மருந்து எடுத்துவந்தவர்கள் மருந்து வாங்க வந்தது மட்டும் பெரிதாகக் குறையவில்லை. என் பதில் முழுக்க இந்த மூன்று விஷயங்களுக்குள் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இருந்தவர்களைத் தேடி மருந்து போனது. பெயர் இல்லாதவர்களைத் தேடி யாரும் போகவில்லை, போகவும் முடியவில்லை.

முதலில் பதிவேட்டில் இருந்தவர்கள் கதை. அவர்களுக்கு ஏன் ஒரு மாதம்கூட விடக் கூடாது?

கூட்டு மருந்து எச்.ஐ.வி.யை ஒழிப்பதில்லை, அடக்கி வைக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் ரத்தத்தில் வைரஸ் மறுபடி தலைகாட்டும். 'சும்மா கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தால் என்ன' என்பதை 5,472 பேரை வைத்துச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்மார்ட் என்ற அந்தப் பன்னாட்டு ஆய்வில், சி.டி.4 என்னும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறையும்போது மறுபடி தொடங்கிய குழுவில் நோயோ இறப்போ நேர்வது இரண்டு மடங்குக்கு மேல் கூடியதால் 2006 ஜனவரியில் அந்த முறையையே கைவிட்டார்கள்.

வைரஸ் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் பிரச்சினை தனி. நம் நாட்டில் 2020 வரை பெரும்பாலோர் எடுத்தது டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை. இதில் எஃபாவிரென்ஸ் உடம்பை விட்டு லேசில் போகாது. திடீரென்று நிறுத்தினால் மற்ற இரண்டும் போன பிறகும் அது மட்டும் தனியாக, குறைந்த அளவில் சுற்றிக்கொண்டிருக்கும். வைரஸுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடைக்காது. ஒரே ஒரு மரபணு மாற்றம் போதும், வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிவிடும். நல்ல வேளையாக, அதே காலத்தில்தான் எஃபாவிரென்ஸுக்குப் பதில் டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரைக்கு நாடு மாறிக்கொண்டிருந்தது. அது இந்த விஷயத்தில் முரட்டு ஆள், எளிதில் தோற்காது.

இன்னொன்று. வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. ஆகவே ஒருவர் மாத்திரையை விடுவது அவர் துணையையும் தொடுகிற விஷயம். சிகிச்சையே தடுப்பு என்று நாங்கள் ஓயாமல் சொல்வது இதைத்தான்.

சரி, மருந்து எப்படிப் போய்ச் சேர்ந்தது? 2020 மார்ச் 24 மாலையே தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு, நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. பஸ் இல்லை. மாவட்டங்களுக்கு இடையே பஸ் முழுதாக ஓடத் தொடங்கியது செப்டம்பர் 7-க்குப் பிறகுதான். மாதம் ஒருமுறை, கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வந்து மருந்து வாங்குகிற ஒருவருக்கு இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். இதில் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. நிறைய பேர் வேண்டுமென்றே தூரத்து மையத்தில்தான் பதிந்திருப்பார்கள். சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்துவிட்டால்? அதனால் இரண்டு மூன்று மாவட்டம் தாண்டிப் போய், சீட்டு எடுக்கிற கூட்டத்தில் கலந்து நின்று, மருந்து வாங்கிக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடுவார்கள். முகம் மறைக்கத் தேர்ந்தெடுத்த தூரம், ஊரடங்கில் சுவராக நின்றது.

எங்கே பதிந்திருந்தாலும் பக்கத்தில் இருக்கும் மையத்தில் மருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வழி செய்தது. நல்ல முடிவு. ஆனால் போனில் அதைச் சொன்னபோது ஒருவர் எனக்குச் சொன்ன பதில்: "வேண்டாம் சார். அங்க மருந்து குடுக்குறவரு எங்க ஊர்க்காரரு." அவருக்கு மருந்து போய்ச் சேர்ந்த விதத்தை இங்கே எழுத முடியாது, ஆனால் சேர்ந்தது. பாசிட்டிவ் நெட்வொர்க் என்று நாங்கள் சொல்லும், எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களே நடத்தும் சங்கங்களின் ஆட்கள் டூவீலரில் அலைந்தார்கள். வீட்டுக்கே போவதும் எல்லோருக்கும் ஒத்துவராது. அந்த நேரத்தில் மாஸ்க் போட்ட ஒருவர் பையோடு தெருவில் நின்றாலே "யாருக்குக் கொரோனா?" என்று எதிர்வீட்டுக் கதவு திறக்கும். அதனால் கைமாறியதெல்லாம் மூடிக் கிடந்த டீக்கடை வாசல், பெட்ரோல் பங்க், பிள்ளையார் கோயில் திருப்பம் போன்ற இடங்களில்தான். சோதனைச் சாவடியில் போலீஸ் மறித்தால் மையத்தில் கொடுத்த, சிகிச்சை விவரம் உள்ள பச்சைப் புத்தகத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் விடுவார்கள். ஆனால் அதைக் காட்டுவதும் நோயைச் சொல்வதும் ஒன்றுதானே? 2017-இல் வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் நிலையை வெளிப்படுத்தும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. சாவடி வெயிலில் நிற்கும்போது யாருக்கும் சட்டம் ஞாபகம் வராது.

ஒரு மாதத்துக்குப் பதில் மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இதுதான் பெரிய கைகொடுத்தல். உலக சுகாதார நிறுவனம் 2016-லிருந்தே, சிகிச்சையில் நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பல நாடுகளில் அது காகிதத்தில் கிடந்தது, கொரோனா வந்து உலுக்கியதும் நடைமுறைக்கு வந்தது. இதிலும் ஒரு சிக்கல். மூன்று டப்பா மாத்திரையை எங்கே ஒளிப்பது? வீட்டில் எல்லோரும் நாள் முழுக்க இருக்கிறார்கள். டப்பாவை எடுத்தால் மாத்திரை குலுங்கும். மாமியாருக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் வைத்திருந்த பெண்ணை எனக்குத் தெரியும். ராத்திரி மாத்திரையை "சத்து மாத்திரை" என்று சொல்லி விழுங்கியவர்கள் எத்தனையோ பேர்.

மாத்திரை நோயாளி கைக்கு வருவதற்கு முன் இன்னொரு பயணம் இருக்கிறது. வளரும் நாடுகளில் பயன்படும் எச்.ஐ.வி. மருந்தில் பெரும்பகுதி இந்தியாவில் தயாராவது. இங்கே ஊரடங்கு என்றால் மலாவியில் மருந்துக் கிடங்கு காலியாகும். மூலப்பொருள் வர வேண்டும், தொழிலாளி வேலைக்கு வர வேண்டும், அப்புறம் கப்பலிலும் விமானத்திலும் இடம் கிடைக்க வேண்டும். இவை எல்லாமே சேர்ந்து மாட்டிக்கொண்டன. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் மருந்தின் இறுதிச் செலவு 10 முதல் 25% வரை கூடலாம் என்று யு.என்.எய்ட்ஸ் 2020 ஜூனில் சொன்னது. மருந்து தீர்ந்துபோகும் ஆபத்து இருப்பதாக 73 நாடுகள் சொல்லியிருப்பதாக ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதில் 24 நாடுகளில் இருப்பு மிகவும் குறைந்துவிட்டது, அல்லது வரத்து தடைப்பட்டிருந்தது.

இதற்கு நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. முதலில் கொடுத்த மருந்து பலிக்காதபோது எச்.ஐ.வி.க்கு இரண்டாம் வரிசை மருந்தாகக் கொடுக்கும் லோபினாவிர்-ரிட்டோனாவிர் கொரோனாவைக் குணப்படுத்தும் என்று ஒரு நம்பிக்கை பரவியது. ஜெய்ப்பூரில் இத்தாலிப் பயணிகளுக்கு அதைக் கொடுத்தார்கள் என்ற செய்தி உங்களுக்கும் நினைவிருக்கலாம். எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு உள்ளதே கிடைக்காமல் போய்விடுமோ என்று நாங்கள் பயந்த நாட்கள் அவை. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களுக்கு அதனால் பயனில்லை என்று ஆய்வுகள் காட்டின. 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் தன் சோதனையிலிருந்து அதை எடுத்துவிட்டது.

இனி பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள்.

நம் ஊரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது எப்படித் தெரியவருகிறது? 'எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, சோதித்துப் பாருங்கள்' என்று தானாக, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு நடந்து வருகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்றுக்குப் போன இடத்தில் தெரியவரும். அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் ரத்தம், ரத்ததான முகாம், கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் எடுக்கும் சோதனை, காசநோய் என்று தெரிந்ததும் கூடவே எடுக்கும் சோதனை. இல்லையென்றால் களப்பணியாளர் பேசிப் பேசி அழைத்து வர வேண்டும். ஊரடங்கில் இவை ஒவ்வொன்றாக நின்றன. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள். முகாம்கள் இல்லை. வெளிநோயாளிகள் பிரிவு வெறிச்சோடியது. கர்ப்பிணிகளுக்கான சோதனை மட்டும் கிராம சுகாதார செவிலியர்களின் புண்ணியத்தில் பெரும்பாலும் ஓடியது. எங்கள் மையத்தில் 2020 ஏப்ரல் மாதப் பதிவேட்டைப் புரட்டினால் கிட்டத்தட்ட எல்லாமே கர்ப்பிணிகளின் பெயர்தான். மற்ற வரிசைகள் காலி.

காசநோயைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது அதுதான். இந்தியாவில் 2019-இல் கண்டறிந்து பதிவு செய்த காசநோயாளிகள் சுமார் 24 லட்சம். 2020-இல் அது சுமார் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பது குறைந்தது. கிருமியின் மரபணுவைக் கண்டறியும் கருவிகள் கொரோனா சோதனைக்குத் திரும்பின. எச்.ஐ.வி.யின் வைரஸ் அளவு பார்க்கும் ஆய்வகங்களிலும் அதே கதி, கருவியும் ஒன்று, அதை இயக்கத் தெரிந்த ஆளும் ஒன்று. இருமலோடு ஒருவர் வந்தால் கொரோனா சோதனை நெகட்டிவ் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சளியில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. உலக அளவில் காசநோய் இறப்பு பத்தாண்டுக்கும் மேலாகக் குறைந்துகொண்டே வந்து, 2020-இல் முதல்முறையாக ஏறியது. அந்த ஆண்டு 15 லட்சம் பேர் இறந்தார்கள், அதில் 2,14,000 பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள்.

தடுப்பு வேலைக்கு விழுந்த அடி இன்னும் பெரியது, இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. தடுப்பு என்பது சுவரொட்டி ஒட்டுவதில்லை. பாலியல் தொழில் செய்யும் பெண்கள், ஓரின உறவுள்ள ஆண்கள், திருநங்கைகள், ஊசியால் போதை ஏற்றுபவர்கள் ஆகியோரை அவர்களுக்குள்ளிருந்தே வந்த களப்பணியாளர்கள் பஸ் ஸ்டாண்டிலும் பூங்காவிலும் லாட்ஜ் பக்கத்திலும் சந்தித்து, ஆணுறை கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அழைத்து வருவது. சந்திக்கும் இடங்களெல்லாம் பூட்டிக் கிடந்தன. வாடிக்கை இல்லாமல் வருமானமும் போய், அரிசிக்கே வழியில்லாத ஒரு பெண்ணிடம் போனில் "ஆணுறை இருக்காம்மா?" என்று கேட்பது எனக்கே கூச்சமாக இருந்தது. கடனும் பசியும் கழுத்தைப் பிடிக்கும்போது ஆணுறை இல்லாமல் வரச் சொல்கிறவனிடம் மறுத்துப் பேச முடியாது. ஆணுறைக்கே தட்டுப்பாடும் வந்தது. உலகில் ஐந்தில் ஓர் ஆணுறையைத் தயாரிக்கும் மலேசிய நிறுவனம் கேரெக்ஸ் 2020 மார்ச்சில் ஆலைகளை மூடியது. பிறகு திறந்தபோதும் பாதி ஆட்களோடுதான்.

ஊசி போதைக்குப் பதிலாகக் கொடுக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரையைத் தினமும் மையத்துக்கு வந்து பணியாளர் கண்முன்னே நாக்கடியில் வைக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ஊரடங்கில் தினமும் வருவது எப்படி? சில நாட்களுக்கானதை வீட்டுக்கே கொடுத்தனுப்பலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். வீட்டுக்குக் கொடுத்தால் விற்றுவிடுவார்கள் என்று வருடக்கணக்கில் பயம் சொல்லிவந்தார்கள். உயிர்போகிற நேரத்தில் விதி வளைகிறது. முன்பே வளைத்திருக்கலாம்.

எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்குப் பணம் தரும் பன்னாட்டு அமைப்பான குளோபல் ஃபண்ட் நிதியுதவி செய்யும் நாடுகளில் 2020-இல் தடுப்புச் சேவை சென்றடைந்தவர்கள் 11% குறைந்தார்கள், எச்.ஐ.வி. பரிசோதனை 22% குறைந்தது. ஆனால் அதே நாடுகளில் சிகிச்சையில் இருப்போர் 8.8% கூடினார்கள். குவாசுலு-நட்டாலில் பார்த்த அதே கோலம்தான். அடுத்த வருடத்தில் இதன் வட்டி தெரிந்தது. 2020-க்குள் உலகின் புதுத் தொற்றை ஆண்டுக்கு 5 லட்சத்துக்குக் கீழே இறக்குவது இலக்கு. 2021-இல் நடந்தது சுமார் 15 லட்சம். முந்தைய ஆண்டைவிட 3.6% மட்டுமே குறைவு, 2016-க்குப் பிறகு இவ்வளவு மெதுவாகக் குறைந்ததில்லை. முழுப் பழியையும் கொரோனாமேல் போட முடியாது, இலக்கு அதற்கு முன்பே நழுவிக்கொண்டிருந்தது.

குழந்தைகள் விஷயத்தில் இடைவெளிக்கு இடமே இல்லை. தாய்க்குச் சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45%. ஒழுங்காகக் கொடுத்தால் 5%-க்குக் கீழே. அந்த மே மாதக் கணிப்பில், தாய்-சேய் தடுப்புச் சேவை ஆறு மாதம் முடங்கினால் குழந்தைகளுக்கான புதுத் தொற்று மொசாம்பிக்கில் 37%, மலாவியிலும் ஜிம்பாப்வேயிலும் 78%, உகாண்டாவில் 104% வரை கூடலாம் என்றிருந்தது. உகாண்டாவில் அப்போது தனியார் வண்டிகளுக்கே தடை. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை ஏற்றிப் போகக்கூட மாவட்ட அதிகாரியின் அனுமதி வேண்டியிருந்தது. பிரசவ தேதியை ஊரடங்குக்குத் தகுந்தபடி தள்ளிவைக்க முடியுமா என்ன?

இது முதல்முறையும் இல்லை. 2014-15-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா 11,300 பேருக்கு மேல் கொன்றது. அந்தக் காலத்தில் மருத்துவ சேவை பாதியாகக் குறைந்திருந்தால் மலேரியா, எச்.ஐ.வி., காசநோய் மூன்றாலும் கினி, லைபீரியா, சியரா லியோனில் மட்டும் சுமார் 10,600 பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று ஒரு கணிப்பு உண்டு. எபோலா கொன்றதற்குக் கிட்டத்தட்டச் சமம். 2020-இல் அந்த எச்சரிக்கை அவ்வளவு சீக்கிரம் வந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எதிர்த்திசையிலும் ஒரு பாதிப்பு உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. எச்.ஐ.வி. சிகிச்சை தடைப்படுவது கொரோனாவுக்கும் லாபம். தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. கட்டுப்பாட்டில் இல்லாத 36 வயதுப் பெண் ஒருவரின் உடலில் கொரோனா வைரஸ் 216 நாட்கள் இருந்து, 30-க்கும் மேற்பட்ட மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டதை 2021-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சரியான கூட்டு மருந்து கொடுத்து எச்.ஐ.வி. அடங்கியதும் கொரோனாவும் உடம்பை விட்டுப் போனது. இதை வைத்து எச்.ஐ.வி. உள்ளவர்கள்தான் புது வகைகளை உருவாக்குகிறார்கள் என்று பேசுவது அபாண்டம். மருந்து ஒழுங்காக எடுப்பவரிடம் இது நடப்பதில்லை. மருந்து நின்றால் யார் யாரெல்லாம் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

சேவை தடைப்பட வைரஸ்தான் வேண்டும் என்றும் இல்லை. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தியது. பிப்ரவரியில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆனால் தொற்று வராமலிருக்க முன்கூட்டியே எடுக்கும் தடுப்பு மாத்திரை, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டும் என்றார்கள். கவனித்தீர்களா, அங்கேயும் முதலில் வெட்டு விழுந்தது தடுப்பில்தான். மருந்து கிடைக்காத நோயாளி வாசலில் வந்து நிற்பார். தொற்றியிருக்க வேண்டாத ஒருவர் எங்கே வந்து நிற்பார்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பயம் காட்டவில்லை, எச்சரித்தார்கள். மருந்து விஷயத்தில் அந்த எச்சரிக்கை பலன் தந்தது, மருந்து நிற்கவில்லை. பரிசோதனையிலும் தடுப்பிலும் நடந்த இழப்பு 2020-இன் இறப்புக் கணக்கில் வராது, ஏனென்றால் அன்று தொற்றியவருக்கு நோய் தெரிய ஏழெட்டு வருடம்கூட ஆகலாம்.

2022-இல் என் மேஜைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும், தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. காசநோய், சி.டி.4 நூறுக்கும் கீழே. இதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனதே இல்லையா என்று கேட்டேன். 2020 ஏப்ரலில் குடலிறக்க அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருந்தாராம். கொரோனாவால் தள்ளிவைத்தார்கள், அப்புறம் வலி குறைந்ததும் அவரே விட்டுவிட்டார். மறுநாள் மனைவியைச் சோதனைக்கு அழைத்து வந்தார். அவருக்கும் பாசிட்டிவ். எப்போது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் ரத்தச் சோதனைகளில் எச்.ஐ.வி.யும் ஒன்று என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.